கொடி மாறிய பனிமலை வீரர்

இரு பாதங்களிலும் நீண்ட சறுக்குப் பலகைகளைப் பூட்டிக்கொண்டு, பனி மூடிய மலைச்சரிவிலே மணிக்கு நூறு கிலோமீற்றருக்கும் மேலான வேகத்திற் கீழ்நோக்கி விரையும் விளையாட்டொன்று உண்டு. நம்மவர்க்கு அது புதுமையாகத் தோன்றலாம். ஒஸ்திரிய மக்களுக்கோ அது நாட்டின் மானத்தோடு பிணைந்ததொன்று. அந்நாட்டிலே பிறந்த ஒருவர், வேறொரு நாட்டின் பெயராற் போட்டியிட்டு உலகை வென்றார். அவரே மார்க் ஜிரார்டெல்லி.

அவர் 1963ஆம் ஆண்டு லுஸ்தெனௌ என்னும் ஊரிலே பிறந்தார். தந்தையார் ஹெல்முட்டே அவருக்குப் பயிற்சி அளித்தவர். மைந்தனை எவ்வாறு பயிற்றுவது என்பதில் ஒஸ்திரியச் சம்மேளனத்துக்கும் தந்தையாருக்கும் கருத்து வேற்றுமை மூண்டது. அதன் பயனாக, 1976இல், சிறுவனாயிருந்த மார்க் லக்சம்பேர்க் அணியிற் சேர்ந்தார். லக்சம்பேர்க் அல்ப்ஸ் மலைக்கு அப்பாலுள்ள மிகச் சிறிய நாடு. அதன் அதியுயர்ந்த இடமே ஏறத்தாழ 560 மீற்றர்தான். ஆதலால், கொடி மாறியதேயன்றிப் பயிற்சிக்களம் மாறவில்லை. அல்ப்ஸ் சரிவுகளிலேயே தந்தையும் மகனும் தனித்து உழைத்தனர்.

பெருஞ் சம்மேளனமொன்றின் ஆதரவு இல்லாமை ஒரு குறை. மற்றொரு குறை சட்டத்தால் நேர்ந்தது. குளிர்காலந்தோறும் பல மலைகளில் நடைபெறும் உலகக் கிண்ணப் போட்டிகளில், ஒரு நாட்டுச் சம்மேளனத்தின் அனுமதி பெற்றவர் அந்நாட்டுக்காகக் கலந்துகொள்ள முடிந்தது. ஒலிம்பிக்கிலோ பிரசாவுரிமை இன்றியமையாதது. ஜிரார்டெல்லி அப்பொழுதும் ஒஸ்திரியப் பிரசையாகவே இருந்தமையால், 1984இல் சாரயேவோ ஒலிம்பிக் அவருக்குக் கிட்டவில்லை. அதே பருவத்தில், நெருக்கமாக நாட்டப்பட்ட கம்பங்களினூடே வளைந்து வளைந்து இறங்கும் சிலாலம் பிரிவின் உலகக் கிண்ணத்தை அவர் வென்றிருந்தார்! லக்சம்பேர்க் பிரசாவுரிமை பெற்ற பின்னரே, 1988இல் கல்கரியில் அவர் ஒலிம்பிக் களத்தை மிதித்தார்.

இவ்விளையாட்டிலே நேராக விரைதல், வளைந்து இறங்குதல் எனப் பல பிரிவுகள் உள. ஒன்றில் வல்லவர் மற்றொன்றில் வல்லவராதல் அரிது. ஜிரார்டெல்லியோ 1988-89 பருவத்தில் ஐந்து பிரிவுகளிலும் வெற்றி கண்டார். எல்லாப் பிரிவுகளின் புள்ளிகளையும் கூட்டி வழங்கப்படும் ஒட்டுமொத்த உலகக் கிண்ணத்தை 1985, 1986, 1989, 1991, 1993 ஆகிய ஐந்து ஆண்டுகளில் வென்றார். உலகக் கிண்ணப் போட்டிகளில் அவர் பெற்ற தனி வெற்றிகள் 46. முழங்காலில் ஏற்பட்ட கடுங்காயத்தையும் கடந்தே இவற்றை ஈட்டினார். 1992இல் அல்பேர்வில் ஒலிம்பிக்கில் இரு வெள்ளிப் பதக்கங்களைப் பெற்றார். குளிர்கால ஒலிம்பிக்கிலே லக்சம்பேர்க்குக்கு முதன்முதற் கிடைத்த பதக்கங்கள் அவையே. எனினும், ஒலிம்பிக் தங்கம் இறுதிவரை அவர் கைக்கு எட்டவில்லை. சாரயேவோவில் அவர் என்ன செய்திருப்பார் என்னும் வினாவுக்கு விடையும் இல்லை.

அவருடைய ஐந்து கிண்ணச் சாதனையை 2017இல் முறியடித்தவர் ஒஸ்திரிய வீரர் மார்சல் ஹிர்ஷர். 2019இல் ஓய்வுபெற்ற அவர், 2024இல் தம் தாயாரின் நாடாகிய நெதர்லாந்துக்காக மீண்டும் களமிறங்கினார். இம்முறை ஒஸ்திரியச் சம்மேளனமே அதற்கு இசைவு அளித்தது. முன்பு பிணக்கால் நேர்ந்த மாற்றம் பின்பு இணக்கத்தால் நிகழ்ந்தது.

கொடி மாறியவரைப் பிறந்த நாட்டின் பற்றில்லாதவர் என்று பழித்தல் எளிது. ஆனால், ஒஸ்திரியா பனியையும் பழக்கத்தையும் கொடுத்தது. லக்சம்பேர்க் தம் வழியே முயலும் உரிமையைக் கொடுத்தது. இரண்டும் சேர்ந்தே ஜிரார்டெல்லியை உருவாக்கின. திறமையுள்ள பிள்ளைக்குத் தன் வழியிற் செல்ல இடங்கொடாத வீடு, அப்பிள்ளையின் புகழை அயல்வீட்டு முற்றத்திலேதான் காண நேரும்.