புழுவைப் பட்டினி போடும் குரங்கு

சிஸ்டோசோமா மான்சோனி என்ற ரத்தப்புழு, மனிதக் குடலைச் சுற்றியுள்ள சிரைகளில் ஆண்டுக்கணக்கில் குடியிருக்கும். ஆண் புழுவின் உடல் மடிப்புக்குள் கிடக்கும் பெண் புழு நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் முட்டையிடும். கல்லீரலில் சிக்கிய முட்டைகளைச் சுற்றி உண்டாகும் வீக்கமும் தழும்பும்தான் நோய். புழுவோ, தான் தங்கிய உடலின் மூலக்கூறுகளையே மேலே போர்த்திக்கொண்டு தப்பிவிடுகிறது. இந்தப் புழுவின் முன் நம் எதிர்ப்பாற்றல் கையாலாகாதது என்ற எண்ணம் இதனால்தான் வேரூன்றியது. அதை ஏற்க முடியாது என்பதற்கு ரீசஸ் குரங்கே சாட்சி. வட இந்தியக் கோயில் வளாகங்களில் தின்பண்டம் பறிக்கும் அதே குரங்குதான்.

சாவ் பாவ்லோவின் புட்டன்டான் நிறுவன ஆய்வாளர்கள் 12 ரீசஸ் குரங்குகளுக்குத் தலா 700 இளம்புழுக்களைச் செலுத்தி, முடிவுகளை 2021இல் வெளியிட்டனர். புழுக்கள் வழக்கம்போல வளர்ந்தன. ஆனால் சுமார் 10 வாரத்தில் எதிர்ப்புரதங்கள் உச்சம் தொட்ட பின் அவை நலியத் தொடங்கின. 42ஆம் வாரத்தில் மறுபடி 700 செலுத்தியும் தொற்று வேரூன்றவில்லை. முந்தைய ஆய்வுகளில், குரங்கின் உடலில் எஞ்சிய புழுக்கள் வெளிறிச் சிறுத்துக் கிடந்தன. அவற்றின் குடலில் ரத்தம் அரிதாகவே இருந்தது. எனவே, எதிர்ப்புரதம் புழுவின் மேல்தோலைவிட உணவுக்குழாயைத்தான் குறிவைக்கிறது என்ற விளக்கம் வலுவாகத் தெரிகிறது. குடித்த ரத்தத்தைப் பக்குவப்படுத்தும் சுரப்புகள் அங்கிருந்தே வருகின்றன. வெளித்தோலை மறைக்கலாம், உண்பதற்கு வாயைத் திறந்துதானே ஆகவேண்டும்?

குரங்கு வேறு, மனிதன் வேறு என்று மறுக்கலாம். நியாயம்தான். பபூன் குரங்குகூட இந்தப் புழுவை இப்படி ஒழிப்பதில்லை. ஆகவே ‘குரங்கினம்’ என்று ஒட்டுமொத்தமாகப் பேசுவதில் பொருளில்லை. இயற்கையில் புழுக்கள் சிறிது சிறிதாகவே உடலில் சேர்கின்றன. ஒரே நாளில் 700 நுழைவது சோதனைக்கூடத்தில் மட்டும்தான். எண்ணிக்கை குறைந்தால் எதிர்வினையும் மந்தமாகலாம் என்ற ஐயத்தையும் ஒதுக்கிவிட முடியாது. ஆனாலும் மனிதரிடம் அந்த ஆற்றலின் சாயலே இல்லை எனச் சொல்ல முடியாது. கென்யாவின் கிசுமு நகரில், விக்டோரியா ஏரிக்குள் நின்று கார் கழுவுவோருக்கு நீரிலுள்ள இளம்புழுக்களால் தொற்று தொடர்ந்து ஏற்படும். பிராசிகுவான்டல் மாத்திரையால் பலமுறை குணமான பின், அவர்களில் ஒரு பகுதியினருக்கு மறுதொற்று வரத் தாமதமாகியது. மாத்திரையால் செத்த புழுக்கள் சிதறி, அதுவரை மறைந்திருந்த புரதங்களை எதிர்ப்பாற்றலுக்குக் காட்டிக்கொடுத்ததே இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. எச்.ஐ.வி.யால், எதிர்ப்பாற்றலை இயக்கும் சி.டி.4 செல்கள் குறைந்திருந்தோரிடம் இந்தத் தடுப்பு பலவீனமாக இருந்தது. இது எதிர்ப்பாற்றலின் வேலைதான் என்பதற்கு இதைவிட நல்ல தடயம் கிடைப்பது கடினம்.

பிராசிகுவான்டல் முதிர்ந்த புழுவைக் கொல்லும். மறுநாள் ஏரியில் இறங்குபவரைக் காக்காது. ஆகவே தடுப்பூசி தேவை. பெரும்பாலான முயற்சிகள் இதுவரை புழுவின் மேல்தோலையும் அதன் அடியில் உள்ள புரதங்களையும் சுற்றியே நடந்தன. ரீசஸின் எதிர்ப்புரதங்கள் பற்றிக்கொள்ளும் உணவுக்குழாய்ச் சுரப்புகளைத் தடுப்பூசி இலக்குகளின் பட்டியலில் முதலிடத்துக்குக் கொண்டுவந்து, முதலில் பபூனிடமே சோதிக்க வேண்டும். புழுவைத் தானாக ஒழிக்காத அந்த விலங்கில் பலித்தால்தான் மனிதரிடம் பலிக்கும் என நம்ப இடமிருக்கும்.