ஆள் பற்றாக்குறையா, ஊதியப் பற்றாக்குறையா?

திறன்மிக்க பணியாளர் உள்நாட்டில் போதவில்லை. அயல்நாட்டவருக்குக் கூடுதல் இடம் வேண்டும் என்பது அமெரிக்கத் தொழில்நுட்ப நிறுவனங்களின் நெடுநாள் கோரிக்கை. 2008ஆம் ஆண்டில் பில் கேட்ஸ் அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவின்முன் இதனையே வலியுறுத்தினார்.

அயல்நாட்டுப் பணியாளருக்கென வழங்கப்படும் எச்-1பி விசா 1990ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தால் உருவானது. அதன் ஆண்டு வரம்பு 65,000. கணினித்துறை பெருகிய காலத்தில் 1,95,000 வரை உயர்ந்த அவ்வரம்பு, 2004இல் பழைய நிலைக்கே திரும்பியது. பின்னர், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மேற்பட்டம் பெற்றோர்க்கு 20,000 இடங்கள் சேர்க்கப்பட்டன. விண்ணப்பங்கள் மிகுந்த ஆண்டுகள் பலவற்றில் குலுக்கல் முறையே கையாளப்பட்டது. திறனைத் தேடும் திட்டம் நற்பேற்றை நம்பியிருந்தது விந்தையே!

விண்ணப்ப மிகுதி தேவைக்குச் சான்றாகுமா? 2023இல் 7,50,000க்கும் மேற்பட்ட பதிவுகள் வந்தன. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை, ஒருவருக்கே பன்முறை செய்யப்பட்டவை. உண்மையான அளவுகோல் ஊதியமே. சந்தையில் தக்காளி வரத்துக் குறைந்தால் விலை ஏறுகிறது. ஆள் குறைந்தால் ஊதியமும் ஏற வேண்டும். அது ஏறாத துறையில் பற்றாக்குறை என்பதற்கு, 'இந்த ஊதியத்துக்கு ஆள் இல்லை' என்பதே பொருள். தகுதியுள்ள அமெரிக்கர் கிடைக்கவில்லை என மெய்ப்பிக்கும் கடமை பெரும்பாலான நிறுவனங்களுக்கு இல்லை. வரையறுத்த ஊதியத்தை வழங்க உறுதியளித்தால் போதும். அவ்வூதியம் நான்கு படிநிலைகளாக வகுக்கப்பட்டது. ஒரு தொழிலில் உள்ள நூறு பேரை ஊதிய வரிசையில் நிறுத்தினால், கீழிருந்து 17ஆம் இடத்தவர் பெறுவதே முதற்படி ஊதியமாகப் பல்லாண்டுகள் இருந்தது.

சில்லு வடிவமைப்பு, செயற்கை நுண்ணறிவு போன்ற நுண்துறைகளில் அயல்நாட்டு அறிஞரின் தேவை மெய்யானதே. அதனை எல்லாப் பணிகளுக்கும் பொதுவாக்குவதே பொருந்தாதது.

இவ்விவாதத்தில் மறக்கப்படுபவர் பணியாளரே. எச்-1பி பெறுவோருள் பத்தில் ஏழு பேர் இந்தியர். தமிழ்நாட்டினரும் அவர்களுள் உளர். விசாவுக்கு விண்ணப்பிப்பது பணியாளர் அல்லர், நிறுவனமே. நிலையான வாழ்வுரிமை பெறவோ நாட்டுவாரி வரம்பு குறுக்கிடுகிறது. இந்தியர் பல்லாண்டு காத்திருக்கின்றனர். காத்திருப்பவர் ஊதிய உயர்வு கேட்கத் தயங்குவார். வேறிடம் செல்லவும் அஞ்சுவார். அத்தயக்கம் நிறுவனத்துக்கு ஆதாயம். வேலை இழந்தாலோ, 60 நாள்களுக்குள் வேறு வேலை கிடைக்க வேண்டும். இன்றேல், பெரும்பாலோர் நாட்டை விட்டு வெளியேற நேரும். 2022 நவம்பரில் மெட்டா நிறுவனம் 11,000க்கும் மேற்பட்டோரை விடுவித்தது. எச்-1பி விசாவில் இருந்தோரும் அவர்களுள் அடங்குவர்.