வாஷிங் மெஷின்ல ‘எரர் கோட்’ வருதா? ஜிபே பண்றதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் இதைப் படிங்க



மியூச்சுவல் ஃபண்ட், டாக்ஸ்னு பேசுற இடத்துல வாஷிங் மெஷின் எதுக்குன்னு கேட்பீங்க. காரணம் இருக்கு. மாசம் 5,000 ரூபா எஸ்ஐபி போட பத்து வீடியோ பார்த்து யோசிக்கிற நாம, டெக்னீஷியன் வந்து “போர்டு போயிடுச்சு சார், 8,000 ஆகும்”னு சொன்னா அஞ்சு நிமிஷத்துல சரின்னு சொல்லிடுறோம். துணி ஈரத்தோட உள்ள கிடக்குது, நாளைக்கு ஆபீஸ் போகணும். அந்த அவசரத்துலதான் காசு போகுது.

முதல்ல ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். எரர் கோட் எந்த பார்ட் கெட்டுப்போச்சுன்னு சொல்றதில்ல. எந்த வேலை நடக்கலைன்னு மட்டும்தான் சொல்லுது. வருமான வரித்துறையில இருந்து 143(1) இன்டிமேஷன் வந்திருக்கும், பார்த்திருப்பீங்க. நீங்க காட்டின தொகையும் அவங்க கணக்குல இருக்கிற தொகையும் ஒத்துப்போகலைன்னு அதுல இருக்கும். தப்பு உங்க பேர்லயா, உங்க கம்பெனி டிடிஎஸ் கட்டாம விட்டதுலயா, அதை நாமதான் தேடணும். மெஷினும் அப்படித்தான். “இவ்வளவு நேரத்துக்குள்ள தண்ணி வெளியே போயிருக்கணும், போகலை”, அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். பம்ப் கெட்டுதா, வழியில காசு அடைச்சிருக்கா, ஹோஸ் மடங்கியிருக்கான்னு அதுக்குத் தெரியாது. கோடுல இருந்து நேரா பார்ட்டுக்குத் தாவுற அந்த ஒரு தாவல்லதான் நம்ம பணம் இருக்கு.

என்கிட்ட ஆர்டிகிள்ஷிப் பண்ற தம்பி ஒருத்தன், வேளச்சேரில நாலு பேரா ரூம் எடுத்துத் தங்கியிருக்கான். முன்னாடி இருந்தவங்க விட்டுட்டுப் போன ஃப்ரண்ட் லோடு மெஷினை 8,000-க்கு வாங்கினாங்க. நாலாவது மாசம் தண்ணி வெளியே போகலைன்னு கோட். வந்தவர் மூடியைக்கூடத் திறக்காம “பிசிபி மாத்தணும், 7,500”னு சொல்லிட்டு, விசிட் சார்ஜ் 450 வாங்கிட்டுப் போயிட்டார். மெஷினோட விலையே 8,000! தம்பி எனக்கு போட்டோ அனுப்பினான். ஒண்ணே ஒண்ணு கேட்டேன்: “ஸ்பின் மட்டும் போட்டுப் பாரு, கீழ சத்தம் வருதா?” ‘ம்ம்ம்’னு உறுமுது, ஆனா தண்ணி போகலைன்னான். அப்போ கரண்ட் பம்ப் வரைக்கும் வருது, பம்ப் சுத்தப் பார்க்குது, ஏதோ பிடிச்சு வச்சிருக்கு. ஃபில்டரைத் திறந்தா ஒரு ரெண்டு ரூபா காசு, ரெண்டு சட்டை பட்டன், ஒரு மூட்டை நூல் பிசிறு. செலவு பூஜ்யம். அவனோட ஸ்டைபெண்டுக்கு 7,500 என்ன அர்த்தம்னு ஆர்டிகிள்ஷிப் பண்ணவங்களுக்குத் தெரியும்.

அதனால தண்ணி வெளியேறாத கோடைக் கொஞ்சம் விரிவாவே பார்ப்போம். எல்ஜில இது ஓ, இ-ன்னு ரெண்டு எழுத்தா வரும். சாம்சங்ல 5இ, புது மாடல்ல 5சி. டிஸ்ப்ளேல அந்த 5 ஆங்கில எஸ் மாதிரியே தெரியும், அதனால பல பேர் தப்பா தேடுறாங்க. பாஷ்ல இ18. செய்ய வேண்டியது எல்லாத்துலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். முதல்ல காதைக் கொடுங்க. உறுமுற சத்தம் வந்தா அடைப்பு. பம்ப் நல்லா ஓடுற சத்தம் வந்தும் தண்ணி போகலைன்னா ஹோஸ் மடிஞ்சிருக்கும், இல்ல ஹோஸோட முனை ரொம்ப உயரத்துல மாட்டியிருக்கும். மெஷினுக்கு ஸ்டாண்ட் வாங்கிப் போட்டவங்களும் வீடு மாறினவங்களும் இதைக் கவனிங்க, எவ்வளவு உயரம் வரைக்கும் சரின்னு மேனுவல்ல இருக்கும். சத்தமே இல்லைன்னா மட்டும்தான் பம்ப், ஒயரிங், போர்டுன்னு பேசவே ஆரம்பிக்கணும்.

ஃபில்டர் பெரும்பாலும் முன்பக்கம் கீழ் மூலையில, ஒரு சின்ன மூடிக்குப் பின்னால இருக்கும். சுவிட்சை ஆஃப் பண்ணா போதாது, பிளக்கைப் பிடுங்குங்க. வெந்நீர் வாஷ்ல நின்னிருந்தா ஆறட்டும். பக்கத்துல ஒரு சின்ன ட்யூப் இருந்தா அதை இழுத்து ஒரு தட்டுல தண்ணியை வடிச்சுட்டு அப்புறம் ஃபில்டரைத் திருகுங்க. நேரா திருகினா ஹால் வரைக்கும் வெள்ளம்தான். டாப் லோடுல பல மாடல்களுக்கு இந்த ஃபில்டரே கிடையாது, தேடி மெனக்கெடாதீங்க. பின்பக்க பேனலைத் திறக்கிற வேலை மட்டும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கின பிறகும் போர்டுல இருக்கிற கெப்பாசிட்டர்ல கரண்ட் தங்கியிருக்கும்.

அடுத்து, தண்ணி உள்ள வராத கோட். எல்ஜில ஐ, இ. சாம்சங்ல 4இ இல்ல 4சி. குழாய் திறந்திருக்கான்னு பார்க்கிறது சின்னப்புள்ளத்தனமா தெரியும், ஆனா அதுதான் முதல் வேலை. ரெண்டாவது, இன்லெட் ஹோஸை மெஷின் பக்கம் கழட்டினா வாயில ஒரு சின்ன சல்லடை இருக்கும், போர் தண்ணி வீடுகள்ல அதுல மணல் நிறைஞ்சிருக்கும். பழைய டூத் பிரஷ் போதும். மூணாவதை யாரும் சொல்றதில்ல: கடைசி மாடி வீடு. தண்ணி ஒரு மீட்டர் உயரத்துல இருந்து இறங்கினா கிடைக்கிற அழுத்தம் சுமார் 0.1 பார்தான். மொட்டைமாடி டேங்க் உங்க குழாய்க்கு 2 மீட்டர் மேல இருந்தா வெறும் 0.2 பார். மேனுவல்ல மாடலைப் பொறுத்து 0.3 பார், 0.5 பார், அதுக்கும் மேலன்னு கேட்டிருப்பாங்க. இந்த வீட்ல வால்வை எத்தனை தடவை மாத்தினாலும் அதே கோட் திரும்ப வரும். மெஷின் நல்லாத்தான் இருக்கு, வேணும்கிறது பிரஷர் பம்ப். அதுக்கு ஹவுஸ் ஓனர்கிட்ட பேசணும், சர்வீஸ் சென்டர்ல இல்ல.

யூ, இ வந்தா துணி ஒரு பக்கமா சேர்ந்திருக்குன்னு அர்த்தம். ஒத்த பெட்ஷீட், ஒத்த மிதியடி போட்டா இப்படித்தான் ஆகும், கூட ரெண்டு துணி சேர்த்துப் போடுங்க. டி, இ வந்தா கதவு சரியா மூடலை, ரப்பர்ல ஒரு சாக்ஸ் மாட்டியிருக்கலாம். எல்ஜில சி, எல் எரரே கிடையாது, அது சைல்டு லாக். டி, சி, எல் வந்தா டப் கிளீன் பண்ணச் சொல்ற நினைவூட்டல், அவ்வளவுதான். இதுக்கெல்லாம் விசிட் சார்ஜ் கொடுக்கிறவங்க இருக்காங்கங்கிறதுதான் வருத்தம்.

யூடியூப்ல தேடுறப்போ பிராண்டு பேரை மட்டும் போடாம மாடல் நம்பரையும் போடுங்க. எல், இ எல்ஜில மோட்டார் சம்பந்தப்பட்டது. அதே எழுத்து சாம்சங்ல தண்ணி கசிவு, தண்ணி அளவு சம்பந்தப்பட்டது. மாத்திப் படிச்சா கதை கந்தல்.

இதையெல்லாம் பார்த்தாச்சு, பிளக்கைப் பிடுங்கி கொஞ்ச நேரம் விட்டு மறுபடி போட்டாச்சு, கோட் திரும்பவும் வருதா? சரி, இப்போ ஆளைக் கூப்பிடுங்க. நம்பரை கூகுள்ல தேடாதீங்க. வாரண்டி கார்டுலயோ கம்பெனி ஆப்லயோ இருக்கிற நம்பர் மட்டும். ‘கஸ்டமர் கேர்’னு போலி நம்பர் போட்டு, “புக்கிங்குக்கு 10 ரூபா அனுப்புங்க, இந்த ஆப்பை டவுன்லோடு பண்ணுங்க”ன்னு சொல்லி ஸ்கிரீனைப் பார்த்து அக்கவுண்டைத் துடைக்கிற கும்பல் இருக்கு. மாட்டிக்கிட்டா உடனே 1930-க்கு அடிங்க, ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்.

வந்தவர் போர்டுன்னு சொன்னா ஒரே கேள்வி கேளுங்க: “அண்ணா, பம்புக்கு சப்ளை வருதான்னு மீட்டர் வச்சுக் காட்டுங்க.” வந்தும் பம்ப் சுத்தலைன்னா பம்ப் போச்சு. வரலைன்னா ஒயரிங் இல்ல போர்டு. வேலை தெரிஞ்சவர் சந்தோஷமா காட்டுவார். அப்படிப்பட்டவர் கிடைச்சா நம்பரை சேவ் பண்ணி வச்சுக்கோங்க, தங்கம். முகம் மாறினா இன்னொரு கொட்டேஷன் வாங்குங்க.

ரிப்பேரா, புதுசா?

இனி நம்ம ஏரியா. மெஷினை எவ்வளவுக்கு வாங்கினீங்கங்கிறதை மறந்துடுங்க, அந்தக் காசு போயாச்சு. வருஷத்துக்கு எவ்வளவுன்னு மட்டும் பாருங்க. ஒரு கணக்குக்கு, புது மெஷின் 30,000, பத்து வருஷம் ஓடும்னு வச்சா வருஷத்துக்கு 3,000. ரிப்பேர் 9,000-ன்னா, பழசு இன்னும் 3 வருஷம் ஓடினா ரெண்டும் சமம். 4 வருஷம் ஓடினா வருஷத்துக்கு 2,250, ரிப்பேர் லாபம். 2 வருஷத்துல படுத்துட்டா 4,500, நஷ்டம். ஆகவே கேட்க வேண்டியது “எவ்வளவு ஆகும்”னு மட்டும் இல்ல, “இது எத்தனை வருஷம் ஓடும், டிரம், பேரிங் எப்படி இருக்கு”ன்னும்தான். ஸ்பின்ல ஆட்டோ மாதிரி கடகடன்னு சத்தம் வர்ற மெஷினுக்கு போர்டு மாத்துறதை நான் பரிந்துரைக்க மாட்டேன். “நோ காஸ்ட் இஎம்ஐ இருக்கே”ன்னு புதுசுக்குப் போறவங்க, கிரெடிட் கார்டு இஎம்ஐல வட்டிப் பகுதிக்கு 18% ஜிஎஸ்டியும் பிராசஸிங் ஃபீஸும் சேரும்கிறதையும் கணக்குல எழுதுங்க.

‘10 வருஷ வாரண்டி’ ஸ்டிக்கர் பத்தியும் சொல்லணும். பொதுவா அது மோட்டாருக்கு மட்டும். நாம மேல பார்த்த கோடுகள்ல பாதிக்கு மேல மோட்டாருக்கு சம்பந்தமே இல்ல. எக்ஸ்டெண்டட் வாரண்டி விக்க வந்தா, போர்டு, பம்ப், டோர் லாக், ரப்பர் நாலும் அதுல வருதா, காசு, ஊக்கு மாட்டினா என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டுக் கையெழுத்துப் போடுங்க.

கடைசியா பில். “ஜிஎஸ்டி இல்லாம முடிச்சுடலாம் சார், பில் வேண்டாம்”னா, நாளைக்கு அதே பார்ட் போனா கேட்க ஆதாரம் கிடையாது. வருஷ வரவு 20 லட்சத்துக்குள்ள இருக்கிற தனி டெக்னீஷியன் ஜிஎஸ்டி பதிவு பண்ண வேண்டியதில்ல, அவர் ஜிஎஸ்டி வாங்கவும் கூடாது. ஆனா பில் தரலாம், தரணும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல பில் தர மறுக்கிறதும் நியாயமற்ற வணிக நடைமுறைதான். பில்லுல மாத்தின பார்ட்டோட பேரு, அதுக்கு எத்தனை நாள் வாரண்டி, ரெண்டும் எழுதி வாங்குங்க. கழட்டின பழைய பார்ட்டைக் கையில கேளுங்க. தகராறு ஆனா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கமிஷன் வரைக்கும் போனாலும், நீங்க கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

இப்போ எழுந்து போய் மெஷின்ல இருக்கிற மாடல் நம்பர் ஸ்டிக்கரையும் வாங்கின பில்லையும் ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. கடை பில்லுல மை மங்கிடும், ஸ்டிக்கர் தண்ணி பட்டு உரிஞ்சிடும்.