'கடல்பாசி கிரீம்' பூசினா வெயில் அண்டாதா? காசு கொடுக்கும் முன் தெரிஞ்சுக்குங்க!

சங்கரன்கோவில்:
தென்காசி மாவட்டம் குருவிகுளம் வட்டாரம் மானாவாரி கரிசல் பூமி. உளுந்து, பருத்தி, மக்காச்சோளக் காடுகளில் ஒதுங்க நிழல் கிடைப்பதே அபூர்வம். களை எடுக்கப் போகும் பெண்களுக்கு கன்னத்தில் மங்கு விழுகிறது. ஆண்களுக்கு பிடரியும் புறங்கையும் கறுத்து தடித்துப் போகிறது.

இவர்களைப் போன்றவர்களைக் குறிவைத்து 'கடல்பாசி சத்து நிறைந்தது' என்று அச்சிட்ட கிரீம்கள் விற்பனைக்கு வருகின்றன. இதில் உண்மை எவ்வளவு?

பாசிக்குள் ஒரு குடை

பாசிக்கு நகர முடியாது. கடல் வற்றும் நேரத்தில் பாறையில் கிடந்து வெயிலில் காய வேண்டியதுதான். அதனால் தனக்குத்தானே குடை பிடித்துக் கொள்கிறது. ஜப்பானியர் சோற்றில் சுற்றிச் சாப்பிடும் 'நோரி' போன்ற செம்பாசிகளில் ஒருவகை அமினோ அமிலங்கள் உள்ளன. இவை வெயிலின் புற ஊதாக் கதிரை உறிஞ்சி வெறும் சூடாக மாற்றி வெளியே விட்டுவிடும். இந்தச் சத்தை வெளிநாட்டு கிரீம்களில் சேர்க்கிறார்கள்.

நம்ம ஊரிலும் பாசி உண்டு. ராமநாதபுரம் கடலோரப் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி ஆகியவை செம்பாசி இனம்தான். ஆனால் இவற்றில் முக்கியமாக எடுப்பது நோன்பு காலத்தில் இனிப்பு செய்யும் 'கடல்பாசி'. கிரீமில் அதைக் கலந்தால் கெட்டியாகும், அவ்வளவுதான். வெயிலைத் தடுக்காது.

பழுது பார்க்கும் நொதி

வெயில் பட்டால் தோல் செல்லின் டி.என்.ஏ. இழையில் தப்பான ஒட்டு விழும். அதைப் பிரிக்கும் நொதி ஒன்று நீலப்பச்சைப் பாசியில் இருக்கிறது. மனிதனுக்கு அது கிடையாது. 2000-ல் ஜெர்மனியில் இதைத் தோலில் பூசி, வெளிச்சம் காட்டியபோது 40 முதல் 45 சதவீத ஒட்டுகள் குறைந்தன. அதாவது முழு ரிப்பேர் இல்லை, பாதிக்கும் குறைவு.

பீடி பிடிப்பவர்கள் உஷார்

பாசியில் இருந்து எடுக்கும் பீட்டா கரோட்டின் மாத்திரையும் விற்கிறது. 10 வாரமாவது சாப்பிட்டால்தான் தோலுக்குக் கொஞ்சம் பலன். ஆனால் பின்லாந்தில் புகை பிடிக்கும் ஆண்களுக்கு பீட்டா கரோட்டின் கொடுத்துப் பார்த்ததில், நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது 1994-ல் தெரிய வந்தது. பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது.

கண்மாய்ப் பாசி வேண்டாம்

'பாசிதானே' என்று கண்மாயில் மிதப்பதை அள்ளிப் பூசுவதும் ஆபத்து. சில வகைகளில் விஷம் உண்டு, தோல் வெந்து அரிக்கும். மங்கு போக ஸ்டீராய்டு கலந்த கிரீமை டாக்டர் சொல்லாமல் வாங்கிப் பூசினால் தோல் மெலிந்து போகும்.

தலைத்துண்டே துணை

கிரீம் வாங்குவதானால் பாசிப் படத்தைப் பார்க்காதீங்க, எஸ்.பி.எப். 30-க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்க. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசணும். அந்தச் செலவு கட்டாதவர்களுக்கு முழுக்கைச் சட்டையும், முகம் மறைக்கும் துண்டும், உச்சி வெயிலில் ஓய்வும் போதும்.

ஒரு மாதமாகியும் ஆறாத புண், பெரிதாகும் மச்சம் இருந்தால் மட்டும் தள்ளிப் போடாமல் அரசு ஆஸ்பத்திரியில் காட்டிவிட வேண்டும். அதற்கு எந்தப் பாசியும் மருந்தாகாது.