படியைத் தாண்டாத மணி

உங்கள் லயத்தில் ஒரு நாய் இருக்கும். பெயர் மணியோ, டைகரோ, ஜிம்மியோ. குட்டியாக வந்த நாள் முதல் அதற்கு இஸ்தோப்புதான் வீடு. சாரல் அடித்தால் விறகு அடுக்கிய மூலைக்குள் ஒதுங்கிக்கொள்ளும். இப்போது அதற்கு ஒன்பது வயது. தை மாதக் குளிரைப் பார்த்து அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. "பாவம், உள்ளே வந்து படுக்கட்டும்" என்று கதவைத் திறந்து விடுகிறார்.

நீங்கள் கூப்பிடுகிறீர்கள். மணி வாலை ஆட்டுகிறது, காதை மடக்குகிறது, ஒரு முன்னங்காலைத் தூக்குகிறது. ஆனால் படியைத் தாண்ட மாட்டேன் என்கிறது.

ஏன்? அதற்குக் குளிரவில்லையா?

நன்றாகவே குளிர்கிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசியில் வானம் தெளிவாக இருக்கும் இரவுதான் மோசமான இரவு. மேகம் நிலத்துக்குக் கம்பளி மாதிரி. அது இல்லாவிட்டால் பகலில் நிலம் வாங்கி வைத்த சூடு எல்லாம் வானத்துக்குப் போய்விடும். விடியும்போது புல் நுனியில் வெள்ளையாகப் பனி உறைந்திருக்கும். தேயிலைக் கொழுந்து கருகிப் போகும்.

அந்த இரவிலும் நாயின் உடல் 38 முதல் 39 பாகை செல்சியஸ் சூட்டில் இருந்தாக வேண்டும். நம் உடல் சூடு 37தான். உடல் ஓர் அடுப்பு என்றால் சாப்பாடுதான் அதற்கு விறகு. வெளியே குளிர் கூடக்கூட உள்ளே விறகு கூடுதலாக எரியும்.

அடுப்பின் சூடு வெளியே போகாமல் காப்பது ரோமம். ரோமத்தின் இடையில் சிக்கி நிற்கும் காற்று நல்ல வெப்பக் காவலி. ஆனால் நம் நாட்டு நாய்கள் பலவற்றுக்கு ரோமம் குட்டை. மழையில் அது நனைந்துவிட்டால் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிடும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். வயதான நாய்க்குத் தசையும் கொழுப்பும் குறைந்திருக்கும், மூட்டு வலியும் இருக்கும். அதனால்தான் மணி காலையில் எழுந்ததும் நொண்டி நொண்டி நடக்கிறது.

செய்து பாருங்கள்

ஒரே அளவு வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு டம்ளரிலும் ஓர் அகலத் தட்டிலும் ஊற்றுங்கள். பத்து நிமிடம் கழித்து இரண்டிலும் விரலை வைத்துப் பாருங்கள். தட்டில் இருப்பது சீக்கிரம் ஆறியிருக்கும். வெளியே தெரியும் பரப்பு கூடினால் சூடும் கூடுதலாக வெளியேறும். மணி உருண்டையாகச் சுருண்டு, மூக்கை வாலுக்கடியில் செருகிக்கொண்டு தூங்குவது இதனால்தான். அது தன்னை டம்ளராக்கிக்கொள்கிறது!

இன்னொன்று. விடியற்காலையில் ஒரு கையைச் சீமெந்துத் தரையிலும், மறு கையைப் பக்கத்தில் கிடக்கும் காய்ந்த சாக்கிலும் வையுங்கள். இரண்டும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. ஆனாலும் தரைதான் அதிகம் சில்லென்று இருக்கும். அது உங்கள் கையின் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்கிறது. ஆகவே நாய்க்கு மேலே போர்த்துவதற்கு முன்னால் கீழே விரியுங்கள். காய்ந்த சாக்கை நாலாக மடித்தால் போதும்.

நாயை உள்ளே எடுக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் மலைகளில் பெரியவர்கள் "புலி" என்று சொல்வது உண்மையில் சிறுத்தை. இலங்கைக் காடுகளில் புலி கிடையாது. சிறுத்தைதான் இங்கே மிகப் பெரிய வேட்டை விலங்கு. தேயிலை மலைக்கும் காட்டுத்துண்டுக்கும் நடுவே இரவில் நடமாடும் சிறுத்தைக்கு, இஸ்தோப்பில் கட்டிப்போட்ட நாய் சுலபமான இரை. ஓடித் தப்பவும் அதனால் முடியாது. இரை கிடைத்த இடத்துக்குச் சிறுத்தை மறுபடியும் வரும். நாயை உள்ளே வைத்தால் நாய்க்கு மட்டுமல்ல, லயத்துக்கே நல்லது.

சரி, மணி ஏன் படியைத் தாண்டவில்லை? தாண்டக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தது நாம்தான். குட்டியாக உள்ளே ஓடி வந்தபோதெல்லாம் "வெளியே போ!" என்று துரத்தினோம். படி என்றால் ஏச்சு என்று அதன் மூளையில் பதிந்துவிட்டது.

ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் இப்படிப் பதிவதைத்தான் ஆராய்ந்தார். சமிபாடு பற்றிய ஆராய்ச்சிக்காக 1904ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர் அவர். சாப்பாடு வருவதற்கு முன் ஒரு சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்தால், பிறகு அந்தச் சத்தத்துக்கே நாயின் வாயில் எச்சில் ஊறும் என்று அவர் கண்டார். படியோடு ஏச்சு சேர்ந்தது போலவே படியோடு சோற்றையும் சேர்க்கலாம். முதல் நாள் தட்டைப் படிக்கு வெளியே வையுங்கள். மறுநாள் படிமேல். அதற்கடுத்த நாள் ஒரு சாண் உள்ளே. கயிற்றைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுத்தால் பழைய பயம்தான் கூடும். கதவும் முதலில் திறந்தே இருக்கட்டும்.

காம்பராவுக்குள் வந்த பிறகும் மணி முழிக்கும். நமக்கு 20,000 ஹேர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாய்க்கு ஏறக்குறைய 45,000 வரை கேட்கும். டிவியும், கரண்டி விழும் சத்தமும் நாலு சுவருக்குள் அதற்குப் பெரிய இரைச்சல். அடுப்புக்கும் டிவிக்கும் எட்ட ஒரு மூலையை அதற்கென்று ஒதுக்குங்கள். அது வழக்கமாகப் படுத்த பழைய சாக்கையே அங்கே போடுங்கள். அந்த வாசம் அதற்குத் தைரியம் தரும். நாயின் மூக்கில் மணம் அறியும் கலங்கள் 200 முதல் 300 மில்லியன் வரை இருக்கின்றன. நமக்கோ ஐந்தாறு மில்லியன்தான்.

"உள்ளேயே ஒன்றுக்குப் போய்விட்டால்?" என்று பாட்டி கேட்பார். வெளியே வளர்ந்த நாய்க்கு மண்ணும் புல்லும்தான் அதற்கான இடம் என்று ஏற்கெனவே தெரியும். கதவு சாத்தியிருந்தால்தான் சிக்கல். சாப்பிட்டதும், தூங்கி எழுந்ததும், இரவு படுக்கும் முன்னும் வெளியே கூட்டிப் போங்கள். இருட்டிவிட்டால் பெரியவர் ஒருவர் டோர்ச்சோடு வரட்டும். தப்பித் தவறி உள்ளே போய்விட்டால், பிறகு ஏசிப் பயனில்லை. எதற்கு ஏச்சு என்று அதற்குப் புரியாது. அந்த இடத்தை வினாகிரி கலந்த தண்ணீரால் துடையுங்கள். வாசம் மிஞ்சினால் அந்த மூக்கு மறுபடியும் அங்கேதான் போகும்.

ஒரே காம்பராவில் எல்லாரும் படுக்கிறோம் அல்லவா? அதனால் முதலில் நல்ல வெயில் நாளில் குளிப்பாட்டி, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். காதிலும் விரலிடுக்கிலும் உண்ணி, தெள்ளு, அட்டை இருக்கிறதா என்று பெரியவர்களோடு சேர்ந்து பாருங்கள். பூச்சி மருந்து கொடுப்பது பற்றி மிருக வைத்தியரிடம் கேளுங்கள். விசர்நோய்த் தடுப்பூசியை வருடம் தவறாமல் போட வேண்டும். அரசாங்கம் அதை இலவசமாகவே போடுகிறது. நாயைத் தொட்ட பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். தேத்தண்ணியையும் தேயிலைச் சக்கையையும் சொக்லேட்டையும் அதற்கு எட்டாமல் வையுங்கள். அவற்றிலுள்ள கஃபீன், தியோபுரோமின் போன்ற பொருள்கள் நாய்க்கு நஞ்சு.

முதல் இரவு மணி படியிலேயே தூங்கினால் கோபிக்காதீர்கள். ஒன்பது வருடமாக நாம் சொன்ன பேச்சை அது கேட்டிருக்கிறது. இப்போது பேச்சை மாற்றியது நாம்தான். இன்று சாக்கை வெயிலில் காயப் போட்டு, மாலையில் எடுத்து, நாலாக மடித்து மூலையில் போடுங்கள். சோற்றுத் தட்டைப் படிக்கு வெளியே வைத்துவிட்டு, நீங்கள் உள்ளே உட்கார்ந்து அதன் பெயரைச் சொல்லுங்கள்.