நாற்பதைக் கடந்தபின் கவியும் சோர்வு: எல்லையோரத் தமிழ்ப் பெண்களுக்கு எட்டுமா மனநலச் சட்டம்?

புது தில்லி: மாதவிடாய் நிற்கும் வயதில் பெண்களைப் பற்றிக்கொள்ளும் மனச்சோர்வை இரத்தப் பரிசோதனையோ, எக்ஸ்ரே படமோ காட்டிக் கொடுப்பதில்லை. மருத்துவர் கேட்க வேண்டும். அந்தப் பெண் சொல்ல வேண்டும். கேரளத்தின் இடுக்கி, பாலக்காடு மாவட்ட எல்லைகளில் வாழும் தமிழ்ப் பெண்களைப் பொறுத்தவரை, எந்த மொழியில் கேட்பது, எந்த மொழியில் சொல்வது என்ற சிக்கலும் இதனுடன் சேர்ந்து கொள்கிறது.

பெங்களூருவிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. கேரளமும் தமிழகமும் அவற்றில் அடங்கும். இருபது பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையேனும் மனச்சோர்வுக்கு ஆளாகிறார் என்றும், பெண்களிடமும் 40 முதல் 49 வயதினரிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது என்றும் அந்த ஆய்வு தெரிவித்தது. மனச்சோர்வுற்றோரில் சுமார் 85 சதவீதம் பேர் சிகிச்சையே பெறவில்லை என்பதும் அதில் பதிவாகியுள்ளது.

இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நின்று விடுகிறது. மேலை நாடுகளில் இது 51 வயது. மாதவிடாய் அடியோடு நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளே கடினமானவை. ஈஸ்ட்ரோஜன் சுரப்பு சீரின்றி ஏறி இறங்குகிறது. உடல் திடீரெனச் சூடேறி வியர்க்கிறது, உறக்கம் கலைகிறது, காரணமின்றி அழுகை வருகிறது. இக்கட்டத்தில் உள்ள பெண்களுக்கு மனச்சோர்வு அறிகுறிகள் தோன்றும் வாய்ப்பு, அதற்கு முந்தைய பருவத்தினரைவிடச் சுமார் 40 சதவீதம் அதிகம் என லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2024-ல் தெரிவித்தனர். ஆலோசனையாலும் மருந்துகளாலும் குணப்படுத்தக் கூடிய நோய்தான் இது. ஆனால், வயதானால் அப்படித்தான் என்று வீட்டாரும், ஏன், அந்தப் பெண்ணுமே ஒதுக்கி விடுவதுதான் வழக்கமாக இருக்கிறது.

தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களில் இந்த வயது வேறொரு கவலையையும் கொண்டு வருகிறது. தோட்டத் தொழிலாளிக்குப் பணி ஓய்வு 58 வயதில். குடும்பத்தில் வேறு யாரும் தோட்ட வேலையில் இல்லாவிட்டால், லயம் வீட்டையும் விட்டு இறங்க வேண்டியதுதான். மூன்று, நான்கு தலைமுறைகளுக்கு முன் விட்டு வந்த திருநெல்வேலி, தூத்துக்குடி சீமையில் பலருக்குத் திரும்பிப் போக இடமில்லை. உடும்பன்சோலை ஏலத் தோட்டங்களுக்கோ தேனி மாவட்டப் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் ஏறி மலை கடக்கிறார்கள். வேலை முடிந்து அன்றே திரும்பவும் வேண்டும். உறக்கம் கெட்ட உடலுக்கு இந்த நாள் எவ்வளவு நீளம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இவர்கள் வாய் பேசாதவர்கள் அல்லர். 2015 செப்டம்பரில் மூணாறில் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் திரண்ட பெண் தொழிலாளர்கள், தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கி வைத்து ஒன்பது நாள்கள் போராடி, 20 சதவீத போனஸைப் பெற்றனர். கூலிக்காக அவர்கள் எழுப்பிய தமிழ்க் குரலை அன்று கேரளம் முழுவதும் கேட்டது. 'மனசு விட்டுப் போச்சு', 'ஒண்ணும் ஓடல' என்று அதே பெண்கள் தாழ்ந்த குரலில் சொல்வதைக் கேட்டுப் பொருள் கொள்ள, மருத்துவமனையில் ஆள் வேண்டும். சித்தூர் வட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி பகுதிப் பெண்களுக்கும் இது பொருந்தும்.

கேரள அரசு சும்மா இருந்துவிடவில்லை. 'ஆர்த்ரம்' இயக்கத்தின் கீழ், குடும்ப நல மையங்களில் மனச்சோர்வைக் கண்டறிந்து சிகிச்சையளிக்க 'ஆஸ்வாசம்' பிரிவுகளைத் தொடங்கிய மாநிலம் அது. அங்கும் நோயை அறியும் கருவி, கேள்விகள்தான்.

நாடாளுமன்றம் 2017-ல் நிறைவேற்றி, 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-வது பிரிவு, அரசின் மனநல சேவையைப் பெறுவதை அனைவரின் உரிமையாக்கியது. நோயின் தன்மையையும் சிகிச்சை விவரத்தையும் நோயாளிக்குப் புரியும் மொழியில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 22-வது பிரிவு. ஆனால், இது நோய் உறுதியான பிறகு கிடைக்கும் உரிமை. அதற்கு முந்தைய படியில், அந்தப் பெண்ணிடம் அவளுடைய மொழியில் விசாரிக்க வேண்டும் என்பதற்கு அப்பிரிவில் இடமில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. குறைந்தபட்ச மனநல சேவை இல்லாத மாவட்டத்தில் வேறு மருத்துவமனையை நாடினால் செலவை அரசே ஏற்கும் என்ற சலுகை, அதே மாவட்டத்துக்குள் மட்டுமே செல்லும். மலைத் தமிழருக்குத் தேனியும், கொழிஞ்சாம்பாறையினருக்குப் பொள்ளாச்சியும் கோவையுமே பழகிய ஊர்கள். அங்கு சென்று வரும் செலவும், இழக்கும் ஒரு நாள் கூலியும் அந்தப் பெண்ணுடையவை.

நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர்களே உள்ளதாக சுகாதாரத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2023 ஆகஸ்டில் சுட்டிக் காட்டியது. இக்குறையை ஓரளவு ஈடுகட்டவே 'டெலி மானஸ்' தொலைபேசி சேவையை மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது. 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசலாம்.

தோட்டத்தில் தொலைபேசி இணைப்பு கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். 2020 ஆகஸ்ட் 6-ம் தேதி இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் 70 பேரைப் பலி கொண்ட நிலச்சரிவு குறித்த செய்தி, தகவல் தொடர்பு அற்றுப் போயிருந்ததால் மறுநாள் காலையில்தான் வெளியே தெரிந்தது.