கவிதை அச்சான இடத்தில் என்ன செய்தி இருந்தது?

"மக்களாட்சியின் நான்காவது தூண் எது?" என்று கேட்டால் என் ஒன்பதாம் வகுப்பு முழுவதும் ஒரே குரலில் "ஊடகம்" என்று சொல்லிவிடும். ஒரு மதிப்பெண் வினா. விடை தெரியாத பிள்ளை கிடையாது. நானும் பல ஆண்டுகளாக அந்த ஒற்றைச் சொல்லில் திருப்தியடைந்து அடுத்த தலைப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி எழுந்து நின்றாள். "டீச்சர், ஒரு தூணை எடுத்துட்டா கட்டடம் சாயணும்ல? அப்போ பேப்பரை அடக்கி வெச்ச நாட்டுல என்ன சாய்ஞ்சுது?"

பாடநூலில் இருந்த இரண்டு வரிகளைச் சொன்னேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் அந்தக் கேள்வி உட்காரவில்லை. "கருத்துச் சுதந்திரம் பறிபோகும்" என்ற என் விடையில் யாருக்கு என்ன இழப்பு என்பது எங்கேயும் இல்லை. உண்மையான ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு படித்துப் பார்ப்போம் என்று தொடங்கினேன். நான் தேர்ந்தெடுத்தது பிரேசில். 1964 முதல் 1985 வரை 21 ஆண்டுகள் ராணுவ ஆட்சியில் இருந்த நாடு அது. படித்ததை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் கேட்ட கேள்விகள், பல ஆண்டுகளாக நான் கற்பித்த பாடத்தை எனக்கே புதிதாக்கின. சக ஆசிரியர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

வானிலை அறிக்கை சொன்ன செய்தி

1968 டிசம்பர் 13, வெள்ளிக்கிழமை. அன்று பிரேசிலின் ராணுவ அரசு 'நிறுவனச் சட்டம் எண் 5' என்ற ஆணையைப் பிறப்பித்தது. நாடாளுமன்றம் மூடப்பட்டது. அரசியல் குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனு போடும் உரிமையை இழந்தார்கள். பத்திரிகை அலுவலகங்களுக்குள் தணிக்கையாளர்கள் நுழைந்தார்கள்.

மறுநாள் காலை ரியோ டி ஜெனிரோவின் 'ஜோர்னல் டோ பிரேசில்' நாளிதழின் முதல் பக்கத்தில் ஒரு சிறிய வானிலைக் குறிப்பு வந்தது. வானம் கருத்திருக்கிறது, மூச்சு முட்டும் வெப்பம், காற்றைச் சுவாசிக்க முடியவில்லை, நாடெங்கும் பலத்த காற்று வீசுகிறது என்ற பொருளில் அது இருந்தது. மிகக் குறைந்த வெப்பநிலை 5 டிகிரி என்றும், அது பதிவான இடம் லாரஞ்ஜெய்ராஸ் என்றும் போட்டிருந்தார்கள். லாரஞ்ஜெய்ராஸ் என்பது அந்த ஆணை கையெழுத்தான அரண்மனையின் பெயர். டிசம்பர் மாதம் ரியோவில் கோடைக்காலம். அங்கே எப்படி 5 டிகிரி? வாசகருக்குப் புரிந்துவிட்டது. அதே பக்கத்தில் "நேற்று பார்வையற்றோர் நாள்" என்று இன்னொரு குறிப்பும் இருந்தது. டிசம்பர் 13 உண்மையிலேயே அந்த நாள்தான். எனவே யாரும் பொய் எழுதியதாகக் குற்றம் சாட்ட முடியாது.

இதை வகுப்பில் சொன்னபோது, புவியியலில் பின்தங்கியிருந்த ஒரு மாணவன்தான் முதலில் கையைத் தூக்கினான். "டீச்சர், அது தென்கோளம். டிசம்பர்ல வெயில் காலம்." அன்றைக்குப் பருவகாலங்கள் பற்றிய பாடமும் சேர்ந்தே நடந்து முடிந்தது.

வெற்றிடமும் கூடாது

சாவோ பாவ்லோ நகரின் புகழ்பெற்ற நாளிதழ் 'ஓ எஸ்தாதோ தி சாவோ பாவ்லோ'. இந்தப் பத்திரிகை 1964-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததை ஆதரித்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அடக்குமுறை நம் பக்கம் திரும்பாது என்ற நம்பிக்கை அதற்கு இருந்திருக்கலாம். ஆனால் நாட்டின் அமைப்புகள் கந்தலாகிவிட்டன என்று அது தலையங்கம் எழுதிய 1968 டிசம்பர் 13 இதழையே அரசு பறிமுதல் செய்தது.

பின்னர் தணிக்கையாளர்கள் அந்த அலுவலகத்திலேயே அமர்ந்து, அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு செய்தியையும் படித்து அடித்தார்கள். இதைத்தான் முன் தணிக்கை என்கிறோம். வெளியானதற்குப் பிறகு வழக்குப் போடுவது வேறு, வெளியாகும் முன்பே தடுப்பது வேறு. முன்னதில் வாசகர் படித்துவிடுகிறார், நீதிமன்றமும் ஒரு முடிவு சொல்கிறது. பின்னதில் என்ன தடுக்கப்பட்டது என்பதே மக்களுக்குத் தெரியாது. இந்த வேறுபாட்டை மாணவர்களுக்குத் தெளிவாக்கிவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

அடிக்கப்பட்ட செய்தியின் இடத்தைக் காலியாக விட்டால் மக்கள் புரிந்துகொள்வார்கள் அல்லவா? அதனால் வெற்றிடம் விடக் கூடாது என்பதும் உத்தரவு. அப்போதுதான் அந்த நாளிதழ் 1973-ஆம் ஆண்டு ஒரு வழி கண்டது. நீக்கப்பட்ட செய்தியின் இடத்தில் கமோயிஸ் என்ற 16-ஆம் நூற்றாண்டுப் போர்த்துகீசியக் கவிஞரின் காவியத்திலிருந்து வரிகளை அச்சிடத் தொடங்கியது. அரசியல் பக்கத்தில், ஊழல் செய்தி இருக்க வேண்டிய இடத்தில், பழங்காவிய வரிகள். இப்படி நூற்றுக்கணக்கான முறை நடந்தது. 1975 ஜனவரியில், பத்திரிகை தன் நூற்றாண்டைக் கொண்டாடும் தருணத்தில்தான் தணிக்கையாளர்கள் அந்த அலுவலகத்தை விட்டு வெளியேறினார்கள்.

அந்தக் காவியம் எதைப் பற்றியது தெரியுமா? 1498-இல் கோழிக்கோட்டில் வந்து இறங்கிய வாஸ்கோ ட காமாவின் கடற்பயணத்தைப் பற்றியது. நாம் எட்டாம் வகுப்பில் நடத்தும் அதே பயணம்தான்.

அதே நிறுவனத்தின் மற்றொரு நாளிதழான 'ஜோர்னல் ட தார்தே' இதே இடங்களில் சமையல் குறிப்புகளை அச்சிட்டது. அவற்றில் பல, அளவுகள் பொருந்தாத, செய்தால் சரிவராத குறிப்புகள். விவரம் அறியாமல் செய்துபார்த்த வாசகர்கள், பலகாரம் சரியாக வரவில்லை என்று பத்திரிகைக்குப் புகார் சொன்னதும் உண்டு. வகுப்பே சிரித்த இடம் இது. ஆனால் அந்தச் சிரிப்பு முடிந்ததும் ஒரு கேள்வி இருக்கிறது. மறைபொருளைப் புரிந்துகொள்ளாத வாசகருக்கு அன்று கிடைத்தது என்ன? கெட்டுப்போன பலகாரம் மட்டும்தான். உட்பொருள் உணர்ந்து படிக்கும் திறனை மொழிப் பாடத்தில் ஏன் வலியுறுத்துகிறோம் என்பதற்கு இதைவிட நல்ல காரணத்தை நான் கண்டதில்லை.

சிவப்பு மை மட்டுமல்ல

தணிக்கை என்றவுடன் சிவப்பு மையால் அடிக்கும் அதிகாரியைத்தான் நினைக்கிறோம். பிரேசிலில் அது பல வடிவங்களில் நடந்தது. பெரும்பாலான அலுவலகங்களில் அதிகாரி உட்காரவே தேவைப்படவில்லை. காவல்துறையிலிருந்து தொலைபேசியில் அழைப்பு வரும், அல்லது ஒரு துண்டுச் சீட்டு வரும். இன்ன செய்தியை வெளியிடக் கூடாது என்று ஒரு வரி. காரணம் இருக்காது. தடை செய்யப்பட்டது எது என்பதை அந்தச் சீட்டைப் படித்துத்தான் பத்திரிகையாளரே முதன்முதலாக அறிந்துகொள்வார் என்பதும் நடந்தது!

இரண்டாவது, பண நெருக்கடி. ரியோவில் 1901 முதல் வெளிவந்த 'கொஹெயோ ட மன்யா' நாளிதழ் ஆட்சியை விமர்சித்தது. விளம்பரங்கள் வற்றின, உரிமையாளர் கைதானார், 1974-இல் பத்திரிகையே நின்றுபோனது. மூன்றாவது, கைது. 'ஓ பாஸ்கிம்' என்ற நகைச்சுவை வார இதழ், நாட்டின் விடுதலை முழக்கத்தைக் காட்டும் புகழ்பெற்ற ஓவியத்தைக் கேலி செய்ததற்காக 1970 நவம்பரில் அதன் ஆசிரியர் குழுவில் பெரும்பாலோர் சிறையில் அடைக்கப்பட்டார்கள். நண்பர்கள் கூடி இதழைத் தொடர்ந்து கொண்டுவந்தார்கள். ஆசிரியர்களைக் காணோமே என்று வாசகர் கேட்பார்களே? அனைவருக்கும் காய்ச்சல் என்று அறிவித்தார்கள்.

நான்காவது, கண்ணுக்கே தெரியாதது. அது சுயதணிக்கை. எதற்கு வம்பு என்று செய்தியாளரே எழுதாமல் விடுவது. இதற்கு ஆணை வேண்டாம், அதிகாரி வேண்டாம், செலவும் இல்லை. பயம் ஒன்று போதும்.

இழந்தது யார்?

இப்போது மாணவியின் கேள்விக்கு வருகிறேன். என்ன சாய்ந்தது?

1971-இல் சாவோ பாவ்லோ நகரின் தெற்கே, எளிய மக்கள் வாழும் பகுதிகளில் மூளையுறைக் காய்ச்சல் பரவத் தொடங்கியது. முதலில் தாக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். அந்தக் காலத்தில் நாட்டின் பொருளாதாரம் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. 'பிரேசில் அதிசயம்' என்று அரசு பெருமை பேசியது. கொள்ளைநோய் என்ற சொல் அந்தப் பெருமைக்குப் பொருந்தவில்லை. நோய் பரவுவது பற்றிய செய்திகள் தடுக்கப்பட்டன. மருத்துவர்களுக்குத் தெரிந்தது மக்களுக்குத் தெரியாமல் போனது. 1974-இல் நோய் நகரமெங்கும் பரவி, மறைக்கவே முடியாது என்ற நிலை வந்த பிறகுதான் அரசு ஒப்புக்கொண்டது. 1975-இல் மாபெரும் தடுப்பூசி முகாம் நடந்தது. அது வெற்றி பெற்றது. அப்படியானால் முன்பே பேசியிருக்கலாமே?

காய்ச்சல், தலைவலி, கழுத்து விறைப்பு இருந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள் என்ற ஒரு செய்தி ஒரு தாய்க்கு எவ்வளவு மதிப்புள்ளது என்பதைக் கொரோனா காலத்தைக் கடந்துவந்த நம் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. பத்திரிகைச் சுதந்திரம் பத்திரிகையாளரின் உரிமை என்றுதான் நான் அதுவரை நடத்தினேன். அது வாசிக்கத் தெரியாத தாயின் உரிமையும்கூட.

இன்னொரு இழப்பு, ஒரு மனிதர். விளாதிமிர் ஹெர்சாக், வயது 38, சாவோ பாவ்லோவின் பொதுத் தொலைக்காட்சி ஒன்றின் செய்திப் பிரிவுத் தலைவர். விசாரணைக்கு வரச் சொன்னார்கள். 1975 அக்டோபர் 25 காலையில் ராணுவ விசாரணை மையத்துக்குத் தானாகவே சென்றார். அன்றே இறந்தார். தூக்கிட்டுக்கொண்டார் என்று சொல்லி ஒரு படத்தையும் காட்டினார்கள். படத்தில் அவருடைய கால்கள் தரையில் மடிந்து கிடந்தன. அக்டோபர் 31 அன்று நகரின் பேராலயத்தில் கத்தோலிக்கக் கர்தினால், யூத மதகுரு, புராட்டஸ்டண்ட் போதகர் மூவரும் சேர்ந்து நடத்திய அஞ்சலியில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். 1978-இல் நீதிமன்றம் அந்த மரணத்துக்கு அரசே பொறுப்பு என்றது. 2013-இல்தான் அவருடைய இறப்புச் சான்றிதழ் திருத்தப்பட்டது. ஒரு சான்றிதழில் உண்மையை எழுத 38 ஆண்டுகள் ஆயின.

1988-இல் இயற்றப்பட்ட பிரேசிலின் புதிய அரசமைப்புச் சட்டம், அரசியல், கருத்தியல், கலை சார்ந்த எல்லாத் தணிக்கையையும் 220-ஆம் பிரிவில் தடை செய்கிறது. அந்தப் பிரிவின் பின்னால் இவ்வளவும் இருக்கின்றன.

நம் பாடத்தோடு இணைக்க

நம் அரசமைப்பின் 19(1)(அ) பிரிவில் 'பத்திரிகை' என்ற சொல் தனியாக இல்லை. பேச்சு, கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரத்துக்குள் அது அடங்கும். 'கிராஸ் ரோட்ஸ்' இதழைச் சென்னை மாகாணத்துக்குள் வரக் கூடாது என்று அன்றைய மாகாண அரசு தடுத்தபோது, ரொமேஷ் தாப்பர் வழக்கில் 1950-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலையின்போது, ராணுவ ஆட்சி இல்லாமலேயே நம் பத்திரிகைகளும் முன் தணிக்கையைச் சந்தித்தன என்பதையும் மாணவர்கள் அறிய வேண்டும். 19(2)-இல் உள்ள நியாயமான கட்டுப்பாடுகளையும் சேர்த்தே நடத்துங்கள். சட்டம் வகுத்து, நீதிமன்றம் சோதிக்கும் கட்டுப்பாடு ஒன்று. காரணம் சொல்லாத துண்டுச் சீட்டு வேறொன்று.

நான் செய்த ஒரு செயல்பாடு எளிமையானது. ஒரு நாளிதழின் நான்கு பிரதிகள், நான்கு குழுக்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு செய்தியைத் தேர்ந்து, அதன்மேல் சமையல் குறிப்பையோ வானிலைக் குறிப்பையோ எழுதி ஒட்ட வேண்டும். மறைத்த செய்தி என்னவாக இருக்கும், அது தெரியாவிட்டால் யாருக்கு இழப்பு என்று அடுத்த குழு கண்டுபிடிக்க வேண்டும். ஒரு குழு மறைத்தது குடிநீர் வராத நாட்கள் பற்றிய அறிவிப்பை. அதைக் கண்டுபிடித்த குழு எழுதிய விடை: "எங்க தெரு."

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் இந்தப் பாடத்தை நடத்தியதற்குப் பொருள் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வகுப்புச் சுவர்ப் பத்திரிகையில் ஒரு மாணவி, மாணவியர் கழிப்பறையில் தண்ணீர் வருவதில்லை என்று ஆறு வரி எழுதியிருந்தாள். மறுநாள் பள்ளிக்குப் பார்வையாளர்கள் வரவிருந்தார்கள். யாரும் என்னைச் சொல்லவில்லை. நானாகவே அதைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு பூ ஓவியத்தை ஒட்டினேன். அவள் எதுவும் கேட்கவில்லை. பிறகு அந்தச் சுவரில் அவள் எதுவும் எழுதவும் இல்லை.

பிரேசில் பாடம் முடிந்த அன்று இதை வகுப்பில் சொன்னேன். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு, தூண் பற்றிக் கேட்ட அதே மாணவி எழுந்தாள். "அந்தக் குழாய் இப்போ சரியாயிடுச்சா டீச்சர்?"

சரியாகவில்லை. அந்த வாரச் சுவர்ப் பத்திரிகையின் முதல் செய்தி அதுதான். கீழே தலைமையாசிரியரின் பதிலுக்கென்று ஓர் இடம் விட்டிருந்தார்கள்.